கணினி கேள்வி-பதில்: பழைய லைப்ரரிகளை அழிக்கலாமா?

மன்னார்குடி வாசகர்: எங்கள் ஜெராக்ஸ் கடைக் கணினியை டெபியன் லினக்ஸ் 11-லிருந்து 12-க்கு மாற்றினோம். சிஸ்டம் இருக்கும் 20 ஜிபி ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. /யூஎஸ்ஆர்/லிப் ஃபோல்டரில் ஒரே பெயரில், எண் மட்டும் மாறி நிறைய ஷேர்டு லைப்ரரிகள் (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள்) கிடக்கின்றன. அழித்துவிடலாமா?

பெயரைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள். டெர்மினலில் ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள். உதாரணமாக, லிப்இசட்.எஸ்ஓ.1 வெறும் சிம்லிங்க்தான், அதாவது இன்னொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி. அம்புக்குறி காட்டும் லிப்இசட்.எஸ்ஓ.1.2.13 என்பதே அசல் கோப்பு. இரண்டும் சேர்ந்து ஒரே லைப்ரரி. அசலை அழித்தால் எஸ்எஸ்ஹெச், கிட் எல்லாம் படுத்துவிடும். அதுவும் உடனே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அந்தக் கோப்பை மெமரியில் பிடித்து வைத்திருப்பதால் தொடர்ந்து ஓடும். மறுநாள் கடை திறந்து கணினியைப் போடும்போதுதான் எர்ரர் வரும்.

உங்களிடம் உண்மையிலேயே பழையதாக இருக்கக்கூடியது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு லைப்ரரியின் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 போன்றவை. டெபியன் 12 பயன்படுத்துவது லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. இவற்றை ‘ஆர்எம்’ கொண்டு அழிக்கக் கூடாது, பேக்கேஜாகவே நீக்க வேண்டும். அப்கிரேடு நடுவில் கரண்ட் போயிருந்தால் முதலில் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ ஓட்டி, பாதியில் நின்றதை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பிறகு ‘ஏபிடி -எஸ் ஆட்டோரிமூவ்’. ஆட்டோரிமூவ் என்பது இனி எதற்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை. இந்தச் சின்ன எஸ் வெறும் ஒத்திகை, எதையும் அழிக்காது. பட்டியலை வரி வரியாகப் படித்த பிறகே நிஜமாக ஓட்டுங்கள்.

‘ஏபிடி லிஸ்ட் ~ஓ’ என்பது இப்போது எந்த ரெப்போவிலும் (பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்கு) இல்லாத பேக்கேஜ்களைக் காட்டும். கவனம்: பிரிண்டர் கம்பெனி தந்து நீங்கள் கையால் போட்ட டிரைவரும் அதில் வரும். மொத்தமாகத் துடைத்தால் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் வராது.

மிச்சம் இருப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப். யாராவது கையால் கம்பைல் செய்து போட்டவை. ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று ‘டிபிகேஜி -எஸ்’ சொல்லும் (இங்கே பெரிய எஸ்). /யூஎஸ்ஆர்/லிப் என்று கேட்டு ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாமல் /லிப் என்று தொடங்கியும் கேளுங்கள். 12-இல் சில பேக்கேஜ்கள் இன்னும் பழைய பாதையிலேயே பதிவாகியிருக்கின்றன. ஒரு புரோகிராமுக்கு எது தேவை என்பதை ‘ரீட்எல்ஃப் -டி’ காட்டும் நீடட் வரிகளில் பார்க்கலாம். ‘எல்டிடி’யும் காட்டும், ஆனால் நம்பகமில்லாத கோப்பின் மேல் அதை ஓட்டக் கூடாது, அது அந்தக் கோப்பில் உள்ள நிரலையே இயக்கிவிடக்கூடும். ஓடும்போது திறக்கப்படும் பிளகின்கள், லாகின் சமயத்தில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ‘பிஏஎம்’ மாட்யூல்கள் இந்த இரண்டு கட்டளைகளிலும் தெரியாது. அதனால் சந்தேகமான கோப்பை /ரூட்-க்குக் கீழே ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டி, ரீபூட் செய்து, பிரிண்ட், ஸ்கேன், லாகின் எல்லாம் இரண்டு வாரம் பாருங்கள். பிறகு அழியுங்கள்.

ஆனால் ஒன்று: இதனால் இடம் பெரிதாகக் கிடைக்காது, சில எம்பிதான். ‘ஏபிடி கிளீன்’, ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ இரண்டையும் முதலில் செய்யுங்கள்.

கும்பகோணம் வாசகர்: பாத்திரக் கடை பில்லிங் புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்கிறது. புதியதற்கு அந்தப் பெயரில் சிம்லிங்க் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். உள்ளமைப்பு மாறியதால்தான் எண்ணே மாறியது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பதால் பதிப்பு பொருந்தவில்லை என்று ஆரம்பத்திலேயே மறுத்துவிடும். அந்தச் சோதனை இல்லாத லைப்ரரியாக இருந்தால் ஓடுவதுபோல ஓடி நடுவில் கிராஷ் ஆகும். பில்லில் தப்பான தொகை விழுந்தாலும் கேட்க ஆளில்லை. புரோகிராம் எழுதியவரிடம் 3-க்கான பில்டு கேளுங்கள். அதுவரை பழைய லைப்ரரியைப் புரோகிராமின் சொந்த ஃபோல்டரில் வைத்து, அதை மட்டும் தொடங்கும் ஸ்கிரிப்ட்டில், லைப்ரரியை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் கொடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால், இணையத்தோடு பேசும் வேலைக்கு அதை விடாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: தவறுதலாக லிப்சி.எஸ்ஓ.6-ஐ வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டேன். எல்எஸ், சிபி எதுவுமே ஓடவில்லை.

லிப்சி என்பது ஏறக்குறைய எல்லா புரோகிராமுக்கும் தேவையான அடிப்படை லைப்ரரி. திறந்திருக்கும் ரூட் டெர்மினலை மூடாதீர்கள். சூடோவும் இனி ஓடாது. புரோகிராம்களுக்கு லைப்ரரிகளை ஏற்றித் தரும் எல்டி-லினக்ஸ் கோப்பு தன் இடத்தில் இருந்தால் அதையே கட்டளையாகக் கூப்பிட்டு, ‘--லைப்ரரி-பாத்’ என்று நகர்த்திய ஃபோல்டரைக் காட்டி, அடுத்து /பின்/எம்வி-யை முழுப் பாதையோடு கொடுத்தால் கோப்பைத் திருப்பி வைத்துவிடலாம். அழித்தே விட்டிருந்தால் யூஎஸ்பி லைவில் பூட் செய்து, அதே பதிப்பு லிப்சி6 பேக்கேஜைத் தனி ஃபோல்டரில் பிரித்து, காணாமல் போன கோப்பை மட்டும் அதன் பழைய இடத்துக்குக் காப்பி செய்யுங்கள்.