களவா மீன் இரையை கடிக்காம எப்படி முழுங்குது?

களவான்னா பவளப்பாறை இடுக்குல தனியா பதுங்கி வாழுற பெரிய வாய் மீன், அதுல ராட்சத களவா 2 மீட்டருக்கு மேலயும் வளரும். ரொம்ப தூரம் துரத்திப் பிடிக்குற உடம்பு கிடையாது, அதனால அசையாம நின்னு, இரை கிட்ட வந்ததும் வாயையும் செவுள் மூடியையும் படக்குனு விரிக்கும், உள்ள அழுத்தம் குறைஞ்சு தண்ணியோட இரையும் சேர்ந்து உள்ள போயிடும், சிரிஞ்ச இழுத்தா மருந்து ஏறுதே அதே மாதிரிதான். பல்லு மெல்லுறதுக்கு இல்ல, நழுவாம பிடிக்கத்தான்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்குறது செங்கடல் களவாதான்! இரை பொந்துல ஒளிஞ்சுட்டா பாம்பு மாதிரி நீளமான உடம்புள்ள அஞ்சாலை மீன்கிட்ட போய் தலையை வேகமா ஆட்டி வேட்டைக்கு கூப்பிடும், அஞ்சாலை பொந்துக்குள்ள நுழையும், தப்பிச்சு வெளிய வர்றது களவாவுக்கு.

வாய் பெருசா இருக்கேன்னு ஆளை முழுங்கும்னு பயப்படுறாங்க, ஆனா அது தேடுறது மீன், நண்டு, சிங்கி இறால் மாதிரி இரையைத்தான், மனுஷனை இல்ல.