பெய்ட்காஸ்டர் பிரேக்: கேள்வி பதில்

மீன்பிடிக்கப் புதுசா பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கினேன் அண்ணா. வீசினாலே தூண்டில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்குது. கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்கிற குமிழை இறுக்கினா சிக்கு நிக்குது, ஆனா லூர் (செயற்கை இரை) தூரமே போக மாட்டேங்குது. (சென்னை)

தம்பி, நீங்கள் இறுக்கியது பிரேக் இல்லை. கைப்பிடியின் அடியில் நட்சத்திர வடிவில் இருக்கும் ஸ்டார் டிராக்கை ஒட்டியிருக்கும் அந்தக் குமிழ் ஸ்பூல் டென்ஷன். அது ஸ்பூலின், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையின், அச்சு முனையை அழுத்தி, வீச்சு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கும். தூரம் குறைவது அதனால்தான். பிரேக் எதிர்ப்பக்கத்து சைடு பிளேட்டில் இருக்கிறது.

லூர் நரம்பை இழுப்பதைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் சிக்கு விழும். இது இரண்டு கட்டத்தில் நடக்கும். வீசியவுடன் ஸ்பூல் உச்ச வேகத்தில் சுற்றும்போது ஒன்று. லூர் தண்ணீரைத் தொட்ட பிறகும் ஸ்பூல் நிற்காமல் ஓடும்போது இன்னொன்று. முன்னதைப் பிரேக் பார்த்துக்கொள்ளும். பின்னது கட்டைவிரலின் வேலை, எந்த ரீலாக இருந்தாலும்.

முதலில் குமிழைத் தளர்த்தி, ஸ்பூலை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். அந்த ஆட்டம் அடங்கும்வரை இறுக்கினால் போதும். பிரேக் எண் 10 வரை இருந்தால் 8-இல் தொடங்குங்கள். சாய்வாக, மெதுவாக வீசுங்கள். வெடுக்கென்று உதற வேண்டாம். சிக்கு விழவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள். ஸ்பூலின் மேல் நரம்பு தளர்ந்து எழும்புவது கண்ணில் பட்டால், ஒரு எண் கூட்டி அங்கேயே நிறுத்துங்கள்.

லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி டென்ஷன் குமிழை இறுக்க வேண்டும் என்கிறார்களே, அது தவறா?

தவறில்லை. கட்டைவிரல் பழகும்வரை நல்ல பாதுகாப்பு. பழகிய பிறகும் அப்படியே வைத்திருப்பதுதான் வீண். தூரத்தை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சென்ட்ரிஃபியூகல், மேக்னடிக் என்று இரண்டு வகை பிரேக் இருக்கிறதே, எது நல்லது?

சென்ட்ரிஃபியூகலில் சின்னக் கட்டைகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேகம் இரட்டித்தால் அவை வளையத்தை அழுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆகவே தொடக்கத்தில் நன்றாகப் பிடித்து, போகப்போக விட்டுவிடும். ஷிமானோவின் எஸ்விஎஸ் இந்த வகை. மேக்னடிக்கில் உரசலே கிடையாது. காந்தத்தின் அருகே அலுமினியம் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்த்து இழுக்கும். டைவாவின் மேக்ஃபோர்ஸ் அப்படி.

புதியவருக்கு நான் மேக்னடிக்கையே சொல்வேன். பெரும்பாலும் வெளியிலேயே திருகு இருக்கும், கரையில் நின்றபடி மாற்றலாம். சென்ட்ரிஃபியூகல் பலவற்றில் பிளேட்டைத் திறந்துதான் கட்டைகளைப் போடவேண்டும். போடும்போது எதிரெதிர் ஜோடியாகப் போடுங்கள்.

மட்டக்களப்பு வாவியில கொடுவாவுக்கு வீசுறனான். காத்துக்கு எதிரா வீசினா உடனே சிக்குது அண்ணே.

காற்று லூரைத் தடுக்கிறது, ஸ்பூலுக்கு அது தெரியாது. பிரேக்கை இரண்டு மூன்று எண் கூட்டி, தூண்டில் கம்பைத் தாழ்த்தி, லூர் நீர்மட்டத்தை ஒட்டிப் போகும்படி வீசுங்கள். காற்று முதுகுப்பக்கம் வந்தால் குறைத்துவிடலாம்.

எடை ஒன்றாக இருந்தாலும் எல்லா லூரும் ஒரே மாதிரி பறப்பதில்லை. கனமான சின்ன மெட்டல் ஜிக் காற்றைக் கிழித்துப் போகும். விராலுக்குப் போடும் தவளை லூரோ உடல் பருத்தது, பறக்கும்போதே வேகம் இழக்கும். அதற்குப் பிரேக் கூட வேண்டும். லூரை மாற்றும்போதெல்லாம் பிரேக்கையும் பாருங்கள்.

5 கிராம் லூர் வீச எந்த எண்ணில் வைக்கவேண்டும்?

சாதாரண ரீலில் எந்த எண்ணிலும் சரிவராது. கனமான ஸ்பூலைச் சுழலவைக்க அந்த எடை போதாது. இலகுவான லூருக்கென்றே வரும் பிஎஃப்எஸ் ரீல் வேண்டும், இல்லாவிட்டால் வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீலே நிம்மதி.

மின்னணு பிரேக் உள்ள டிசி ரீல் வாங்கினால் சிக்கே வராதாமே?

வெகுவாகக் குறையும். உள்ளே இருக்கும் சில்லு ஸ்பூல் வேகத்தை அளந்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி கிடையாது, ஸ்பூல் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். லூர் விழும்போது கட்டைவிரல் வைக்காவிட்டால் அதிலும் சிக்கும்.

சிக்கு விழுந்தால் வெட்டுவதைத் தவிர வழி உண்டா?

உண்டு. கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை நிதானமாக இழுங்கள். அடங்கவில்லை என்றால் மறுபடி செய்யுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகிவிடும், பின்னல் நரம்பான பிரெய்டில் பிறகு கத்திரிக்கோல்தான்.

எண்ணெய் எங்கே விடவேண்டும்?

ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு. சென்ட்ரிஃபியூகல் வளையத்தில் தாராளமாக வழிந்தால் உரசல் குறைந்து பிரேக் பிடிக்காது, துடைத்துவிடுங்கள். பேரிங் சுத்தம் செய்த பிறகு ஸ்பூல் முன்னைவிட வேகமாக ஓடும். அன்று இரண்டு எண் கூட்டி வைத்து முதல் வீச்சைப் போடுங்கள்.