பதில்: வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் கதைப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை

வணக்கம் டீச்சர். ஆன்லைன் வகுப்பு தொடங்கியதிலிருந்து உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கதை படிப்பதில்லை, சுருக்கம் கேட்டால் எல்லோரும் ஒரே பத்தியை அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடுங்கள். படித்து முடித்ததும் எழுத்துவேலை காத்திருக்கிறது என்றால் எந்தப் பிள்ளைக்கும் பக்கம் புரட்ட மனம் வராது.

அதற்குப் பதில், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நீங்களே ஒரு கதையை வாய்விட்டுப் படியுங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், சிறுவன் எழுந்து போகிறான்... அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மறுநாள் 'வந்தது யார்?' என்று மட்டும் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். படிக்காதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். கூச்சத்தில் கேமராவை அணைத்துவிடுவார்கள்.

அப்புறம், காமிக்ஸ், விளையாட்டுச் செய்தி, புதிர் என்று அவர்களாகத் தேர்ந்தெடுப்பது எதுவானாலும் சரி. அதையும் படிப்பு என்று ஒப்புக்கொள்ளப் பெரியவர்களுக்குத்தான் தயக்கம்.

தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஒரு பத்தியைக் குரல்பதிவாக உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி படிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் சரளம் வரும்.