விமானத்தில் வைக்கும் மாஸ்டா 13பி ரோட்டரி என்ஜினுக்கு 115 லிட்டர் எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் போதுமா?

போதாது. நான் வைக்க மாட்டேன், நீங்களும் வைக்க வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு 115 லிட்டர் என்பது முன்னால் தடையே இல்லாதபோது பம்ப் தள்ளும் அளவு. பெங்களூரு பீன்யாவில் ரேடியேட்டரும் ஆயில் கூலரும் சோதிக்கிற பெஞ்சில்தான் எனக்கு வேலை. இந்த வகைப் பம்பை ஓடவிட்டு வெளிப்பக்க வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் ஃப்ளோ மீட்டர் கடகடவென்று இறங்கும். பிரஷர் கேஜ் முள் லேசாக அசைந்து நின்றுவிடும். காரணம் எளிது. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 120 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தால் 40 வாட். 115 லிட்டர் ஓட்டத்தில் அந்த 40 வாட் தரும் அழுத்தம் சுமார் 0.2 பார்தான். என்ஜின், ரேடியேட்டர், ஹோஸ் வளைவுகள் எல்லாவற்றையும் அதற்குள் சமாளிக்க வேண்டும்.

உங்கள் தேவை என்ன? 160 குதிரைசக்தி என்றால் 119 கிலோவாட். கூலன்ட்டுக்கு, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்துக்கு, 75 கிலோவாட் வெப்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரும் கிளைகாலும் (உறையாமல் தடுக்கும் திரவம்) பாதிக்குப் பாதி கலந்த கலவையில், ரேடியேட்டருக்கு உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம் 10 டிகிரி என்றால் நிமிடத்துக்கு 122 லிட்டர் வேண்டும். 7 டிகிரி என்றால் 174. இது தடையையும் தாண்டி உண்மையாக ஓட வேண்டிய அளவு.

பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரியில் அழுத்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிஸ்டன் என்ஜினில் ஒரே அறைக்குள் குளிர்ந்த காற்று வருவதும் எரிவதும் மாறி மாறி நடக்கும். இங்கே எரிவது எப்போதும் ஸ்பார்க் பிளக் பக்கத்தில்தான். எதிர்ப்பக்கம் எப்போதும் குளிர்ச்சி. அழுத்தம் குறைந்து பிளக்கைச் சுற்றியுள்ள உலோகத்தில் நீராவிப் படலம் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் வெப்பம் வெளியேறாது. ரோட்டர் சுழலும் உறையான ஹவுசிங் கோணும், ஹவுசிங்குகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் வளையம் போய்விடும், கூலன்ட் அறைக்குள் கசியும். கேஜில் சராசரி வெப்பம் சாதாரணமாகக் காட்டும்போதே இது நடக்கலாம் என்பதுதான் எனக்குப் பயம். பிரஷர் மூடியிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பெங்களூரு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், 0.9 பார் மூடி போட்டால் 117 வரை தாங்கும்.

ஆகவே என்ஜினோடு வரும் பெல்ட் பம்பையே வைத்துக்கொள்ளுங்கள். காரில் எப்போதாவது தொடும் 6000 ஆர்பிஎம்மில் விமானம் மணிக்கணக்காக ஓடும். பம்பின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, தின்னும் சக்தி எட்டு மடங்கு. ரொம்ப வேகமாகச் சுற்றினால் உள்வாயிலில் கேவிடேஷன் வரும், அதாவது ஆவிக் குமிழிகள் உண்டாகி உடையும், ஜல்லியை உருட்டுவது மாதிரி சத்தம் கேட்கும். பம்ப் புல்லியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அது அடங்கும்.

இதையும் சொல்ல வேண்டும்: சூடாகிறது என்று வருபவர்களில் நிறைய பேருக்குச் சிக்கல் பம்பில் இல்லை, காற்றில். ரேடியேட்டருக்கு உள்ளே போகும் குழாயில் ஒரு சென்சார், வெளியே வரும் குழாயில் ஒன்று போடுங்கள். முழு த்ராட்டிலில் வித்தியாசம் 15 டிகிரியைத் தாண்டினால் ஓட்டம் குறைவு, பம்பைப் பாருங்கள். 6, 7 டிகிரிதான், ஆனாலும் சூடு ஏறிக்கொண்டே போகிறது என்றால் பம்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. காற்றுக் குழலைச் சரிசெய்யுங்கள். 75 கிலோவாட்டைக் காற்று 50 டிகிரி சூடேறி எடுத்துச்செல்ல நொடிக்கு ஒன்றரை கிலோ காற்று, இங்கத்திய அடர்த்தியில் கிட்டத்தட்ட 1.4 கன மீட்டர் வேண்டும். பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் ஏப்ரல் மதியம் மேலேறும்போது வேகம் குறைவு, சக்தி முழுசு. அந்த நிலைக்குத்தான் கணக்குப் போட வேண்டும், சீராகப் பறக்கும் க்ரூஸுக்கு அல்ல.

ரோட்டர்களைக் குளிர்விப்பது ஆயில்தான் என்பதால், ஆயில் கூலருக்கும் இதே இரண்டு சென்சார் வைத்துப் பார்த்துவிடுங்கள்.