காரின் இன்ஜின் பகுதியை வீட்டிலேயே தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

எட்டு ஆண்டுகளாக ஓடும் பெட்ரோல் காரின் பானட்டைத் திறந்தால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கிறது, தண்ணீர் அடித்துக் கழுவினால் ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துடைத்தெடுங்கள், அடித்துக் கழுவாதீர்கள் என்பதே என் பதில். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் பானட்டுக்குள்ளும் அடித்துவிடும்படி நானே சொன்னேன். வீடு திரும்பும் வழியில் முதல் சிக்னலில் நின்றபோதே வண்டி உதறத் தொடங்கியது. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0303 என்று வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலை உருவியபோது அந்தப் பிளக் அமர்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. தீப்பொறி உண்டாக்க வேண்டிய மின்சாரம், ஈரத்தின் வழியே இன்ஜின் உடம்புக்கே பாய்ந்து வீணாகிக்கொண்டிருந்தது. காயிலையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மழையில் நனையாத வண்டியா, இதற்கு என்ன என்று அப்போது நானும் நினைத்தேன். மழை நீர் கீழிருந்து சிதறுவதும், பிரஷர் வாஷரிலிருந்து நூறு பார் அழுத்தத்தில் பாய்வதும் ஒன்றல்ல. தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஐபி67 தரமுள்ள ஒரு மின் இணைப்பு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள்; பாய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்ற உறுதி அதில் இல்லை. அதோடு, எட்டு ஆண்டு வெப்பத்தில் வெந்த ரப்பர் சீல்கள் புதிதாக இருந்தபோது போல் இறுக்கமாக இருக்கவும் செய்யாது.

வண்டி ஓடி வந்த சூட்டோடு தொடவே கூடாது. சூடான எக்ஸாஸ்ட் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். கிளீனர் பட்டால் புகையும், சில வகை தீப்பற்றவும் கூடும். ஆகவே காலையில், வண்டியை எடுக்கும் முன்பே, நிழலில் தொடங்குங்கள். துடைப்பதற்கு முன் கைபேசியில் நான்கு படங்கள் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்தப் பிசுக்குதான். அதைத் துடைத்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கிடம் போய் நின்றால் அவரும் தேடத்தான் வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டு ஷார்ட் ஆகலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் காயில்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்றுப் போகும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். எத்தனை பைகள் கட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள். ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கமே போக வேண்டாம்; அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள்.

காய்ந்த தூசியை முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்தில் சேர்ந்த சருகுகளைக் கையால் அள்ளிவிடுங்கள். அங்கே தண்ணீர் வடியும் துளை அடைபட்டால் மழைநீர் காருக்குள் இறங்கும். எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சலை எளிதாக எண்ண வேண்டாம். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிசுக்குக்குத் தண்ணீரில் கரையும் டீகிரீசர் போதும். அதை நேரே பீய்ச்சாமல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். பல ஷெட்டுகளில் டீசலோ மண்ணெண்ணெயோ அடித்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ரப்பர் ஹோஸ்களையும் பெல்ட்டையும் ஊதவைக்கும், தூசியை முன்னைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், தீ அபாயத்தையும் கூட்டும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்தபின் சிறிது வாசலின் தடவுங்கள்.

பைகளை எண்ணி அவிழ்த்து, பானட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, பேட்டரியை மாட்டிப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். உதறினாலோ இன்ஜின் விளக்கு மின்னினாலோ உடனே அணைத்துவிட்டு, காயில்களைக் கழற்றிக் குழிகளைப் பாருங்கள். விளக்கு மின்ன மின்ன ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பாழாக்கிவிடும். அதன் விலைக்கு முன் காயில் செலவு ஒன்றுமே இல்லை.