புருவமும் ஒரு வசனம்

அன்புள்ள ஐயா,

'கோடா' படத்துக்காக டிராய் கோட்சருக்கு ஆஸ்கர் கொடுத்தது அனுதாபத்தில்தான் என்று நினைக்கிறேன். காது கேளாதவர், காது கேளாத மீனவராக நடித்தார். குரலே வேண்டாம், கையசைவும் முகபாவமும் போதும். பாதி நடிப்புதானே?

தங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கென்னவோ அது ஒன்றரை நடிப்பு என்று தோன்றுகிறது.

அமெரிக்க சைகை மொழியில் புருவம் இலக்கணம். 'வருகிறாயா?' என்று கேட்டால் புருவம் உயர வேண்டும். 'ஏன்', 'எங்கே' என்றால் சுருங்க வேண்டும். இப்போது ஒரு அப்பா கோபத்தோடு 'வருகிறாயா?' என்கிறார். கேள்வி புருவத்தை மேலே தூக்குகிறது, கோபம் கீழே இழுக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்டிக்கொண்டே கையால் வசனம் சொல்ல வேண்டும். அந்த வசனமும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சைகைக்கு மாற்றினால் வாக்கிய அமைப்பே வேறு.

அப்புறம் கேமரா. குளோசப் போனால் நமக்கு நடிப்பு கிட்டே வரும். சைகையில் பேசுபவருக்கோ வசனம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

படம் கொஞ்சம் கண்ணீர் பிழிகிற ரகம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காது கேட்கும் மகளைப் பாடச் சொல்லி, அவள் தொண்டையில் கை வைத்து அந்தப் பாட்டை அப்பா விரல்களால் கேட்கிற இடத்தில் நான் தோற்றுப்போனேன்.

சரி, அனுதாபத்துக்கு வருவோம். கோட்சர் 1968இல் அரிசோனாவில் பிறந்தவர். பல வருஷம் நாடக மேடையில் உழைத்தார். 2003இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'பிக் ரிவர்' இசை நாடகம்: கதைச் சிறுவன் ஹக் ஃபின்னின் குடிகார அப்பா என்ற ஒரே பாத்திரத்தை இவரும் காது கேட்கும் நடிகர் ஒருவரும் சேர்ந்து நடித்தார்கள். 2013இல் ஒரு படம் இயக்கினார். 'மாண்டலோரியன்' தொடரில் பாலைவனவாசிகளுக்கென்று ஒரு சைகை மொழியையே உருவாக்கிக் கொடுத்தார். ஆஸ்கர் வாங்கியபோது வயது 53. அவருக்கு முன் அதை வாங்கிய காது கேளாத நடிகர் மார்லி மாட்லின் ஒருவர்தான், அதுவும் 1987இல். அனுதாபம் இத்தனை மெதுவாகவா நடந்து வரும்?

அந்த மேடைக் காட்சி கிடைத்தால் பாருங்கள். விருது கொடுத்த கொரிய நடிகை யுன் யூ ஜங், சிலையைத் திரும்ப வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறார். பேசக் கோட்சருக்கு இரண்டு கையும் வேண்டுமே. அந்தக் கைகளால் இவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: எங்கள் வீட்டிலேயே நன்றாகச் சைகை பேசியவர் அவர்தான்; ஒரு கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது, அதற்கப்புறம் அவரால் சைகை பேச முடியவில்லை.

அன்புடன்