சாயம் ஏற்றிய படம்

கேள்வி: நொய்யலில் சாயத்தண்ணீர் வந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். நீங்கள் போடவில்லை. சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாக்கி அனுப்பியது உண்மைதான். வெளிறிய படத்தை எந்த அதிகாரி திரும்பிப் பார்ப்பார்? ஆற்றுக்காகச் செய்ததில் என்ன தப்பு? - வாசகர், காங்கேயம்

பதில்: தப்புதான். அதனால்தான் போடவில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு. சில வருடங்களுக்கு முன் இதே ஆற்றுப் படம் ஒன்றை, "நல்லா அடிக்கிற கலர்ல வை" என்று லேஅவுட் செய்பவரிடம் நானே சொன்னேன். பழுப்புத் தண்ணீர் ஊதாவாகிவிட்டது. இதழ் வந்த மறுநாள் ஒரு சாயப்பட்டறைக்காரர் போன் செய்தார்: "ஏனுங்க, நாங்க துணிக்குத்தானுங்க சாயம் போடறோம், நீங்க ஆத்துக்கே போட்டுட்டீங்களே!" எனக்கு வாயடைத்துப் போனது. ஆற்றில் சாயம் ஓடியது நிஜம். ஆனால் அதற்கப்புறம் பேச்செல்லாம் எங்கள் படத்தைப் பற்றித்தான்.

லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலும் இப்படித்தான். 2006இல் இஸ்ரேல் குண்டுவீச்சுக்குப் பிறகு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் படமெடுத்துக் கொடுத்த அட்னான் ஹஜ், நகரத்தின் மேல் எழுந்த புகையைக் கணினியில் பெருக்கிக் கறுப்பாக்கினார். நிஜமாகவே புகை இருந்தது. அவருக்குத்தான் அது போதவில்லை. ராய்ட்டர்ஸ் அவரை விலக்கியதோடு, அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

படத்தைத் தொடவே மாட்டோமா என்றால், தொடுவோம். நியூஸ்பிரிண்ட் தாள் மையைக் குடிக்கும். இருட்டான படம் அச்சில் கரியாகிவிடும். அதனால் மொத்தப் படத்தையும் கொஞ்சம் வெளிச்சமாக்குவோம். ஓரத்தை வெட்டுவோம் (வெட்டியே பொய் சொல்லலாம், அது தனிக்கதை). ஒரு நிறத்தை மட்டும் ஏற்றுவது, நிற்கிற ஆளை அழிப்பது கிடையாது. அட்டைக்கு ஒட்டுவேலை செய்தால் 'சித்தரிப்புப் படம்' என்று போட்டுவிடுவோம்.

சரி, அதிகாரி பார்ப்பாரா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது தண்ணீர் சிவப்பாகத் தெரிந்ததற்காக அல்ல. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததற்காக. நொய்யலில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் வயலைக் கெடுத்ததும் சாயக்கழிவில் வந்த உப்புதான். அது எந்தப் படத்திலும் தெரியாது.

அசல் படம் உங்கள் போனில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வேண்டாம், படம் சுருங்கிவிடும், எடுத்த நாள், நேர விவரமும் போய்விடும். மெயிலில் அனுப்புங்கள். எந்தப் பாலத்துப் பக்கம், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். வெளிறியிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த இதழில் போடுகிறோம்.